பழைய கணினிகளுக்கான இலகு உலாவிகள்

இலகு உலாவி என்பது, குறைந்த நினைவகமும் வேகம் குறைந்த பிராசசரும் கொண்ட கணினிகளில் இயங்குவதற்கென உருவாக்கப்பட்ட, அல்லது அப்படி இயங்கும் என்று சொல்லப்படும் இணைய உலாவி ஆகும். இவ்விளக்கத்தில் "சொல்லப்படும்" என்பதைச் சற்று அழுத்திப் படிக்க வேண்டும். இலகு என்ற அடைமொழியோடு கிடைப்பவை எல்லாம் ஒரே பொருளில் இலகுவானவை அல்ல. சில உண்மையிலேயே சிறியவை. ஆனால் இன்றைய இணையதளங்கள் பலவற்றை அவற்றால் சரியாகக் காட்ட முடியாது. சில எல்லாத் தளங்களையும் காட்டும். ஆனால் உள்ளே குரோமின் பொறியே ஓடுவதால் எடை குறைந்திருக்காது. வேறு சில இலகுவாக இருப்பதற்குக் காரணம், பாதுகாப்புக்காகப் பிற உலாவிகள் சுமக்கும் பகுதிகளை அவை சுமக்காததே ஆகும். பழைய கணினிக்கு உலாவி தேடுபவர் முதலில் அறிய வேண்டியது, கையில் எடுப்பது இவற்றில் எந்த வகை என்பதைத்தான்.

பழைய கணினி என்பது இங்கே பெரும்பாலும் விண்டோஸ் எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7 உள்ள கணினியைக் குறிக்கிறது. 2001 அக்டோபரில் வெளிவந்த எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று ஆதரவை நிறுத்தியது. 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 அன்று நிறுத்தியது. ஆதரவு நின்றாலும் கணினி நின்றுவிடுவதில்லை. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அண்ணனோ அக்காவோ படித்து முடித்தபின் தம்பி தங்கைகளின் கைக்கு வந்தவை அவை. தட்டச்சு செய்யவும் படம் பார்க்கவும் நன்றாகவே உதவும் அந்தக் கணினி, இணையத்தைத் திறந்தால் மட்டும் முடங்கிப்போகிறது.

கடைசிப் பதிப்புகள்

இயங்குதளம் மறைந்த சில ஆண்டுகளில் உலாவிகளும் அதை விட்டு விலகுகின்றன. எக்ஸ்பியிலும் விஸ்டாவிலும் இயங்கிய கடைசிக் குரோம், 2016-இல் வந்த 49-ஆம் பதிப்பு ஆகும். ஃபயர்பாக்ஸ் இன்னும் சிறிது காலம் நின்றது. அதன் 52-ஆம் பதிப்பின் நீட்டித்த ஆதரவு வரிசை 2018 நடுப்பகுதி வரை வந்தது. விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றுக்குக் குரோமின் கடைசிப் பதிப்பு, 2023 ஜனவரியில் வந்த 109 ஆகும்.

பிராசசரும் ஒரு வாசற்படி. எஸ்எஸ்இ2 என்னும் கட்டளைத் தொகுதி இல்லாத பெண்டியம் 3, ஏஎம்டி அத்லான் எக்ஸ்பி போன்றவற்றில் ஃபயர்பாக்ஸ் 49 முதல் இயங்காது. அத்தகைய கணினியில் புதிய உலாவியை நிறுவ முயன்றால் வரும் பிழைச்செய்தி பலருக்கும் புரிவதில்லை. வைரஸ் என்று எண்ணி விண்டோஸையே மீண்டும் நிறுவியவர்கள் உண்டு.

பக்கம் ஏன் திறப்பதில்லை

"நெட் ஸ்லோவா இருக்கு" என்ற ஒரே புகாருக்குள் வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. உலாவியை மாற்றினால் தீர்பவை சில, தீராதவை சில.

முதலாவது, மறையாக்கம். இன்று ஏறத்தாழ எல்லா இணையதளங்களும் எச்டிடிபிஎஸ் வழியாகவே தகவலை அனுப்புகின்றன. அதற்கு அடிப்படையானது டிஎல்எஸ் என்னும் நெறிமுறை. அதன் 1.0 பதிப்பு 1999-இலும், 1.2 பதிப்பு 2008-இலும், 1.3 பதிப்பு 2018-இலும் வெளிவந்தன. பாதுகாப்புக் குறைபாடுகள் காரணமாக 1.0, 1.1 ஆகிய இரண்டும் 2021 மார்ச்சில் முறைப்படி ஓய்வுபெற்றன; பெரும்பாலான சேவையகங்கள் 1.2-க்குக் குறைந்த எதையும் ஏற்பதில்லை. எக்ஸ்பியில் உள்ள இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8, மறையாக்கத்துக்கு இயங்குதளத்தையே நம்பியிருக்கிறது. அதற்குத் தெரிந்தது 1.0 வரைதான். இருவருக்கும் பொதுவான மொழி இல்லாததால் பேச்சு தொடங்குவதற்கு முன்பே முறிந்துவிடுகிறது. திரையில் தெரிவதோ "பக்கத்தைக் காட்ட முடியவில்லை" என்ற ஒற்றை வரி. இணைப்பில் கோளாறு என்று நினைத்து மோடத்தை அணைத்துப் போடுவதால் பயன் இல்லை.

இதனோடு இன்னொரு குறையும் சேர்கிறது. இக்காலத்தில் ஒரே சேவையகத்தில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருப்பது வழக்கம். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வரும் தபால்காரர் வீட்டு எண்ணைச் சொல்வதுபோல, உலாவி தனக்கு வேண்டிய தளத்தின் பெயரை இணைப்பின் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். இவ்வசதிக்கு எஸ்என்ஐ என்று பெயர். எக்ஸ்பியின் எக்ஸ்ப்ளோரருக்கு இது தெரியாது. எனவே வாசலிலேயே நின்றுவிடுகிறது, அல்லது வேறொருவர் வீட்டுச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு எச்சரிக்கை காட்டுகிறது.

அதே எக்ஸ்பி கணினியில் ஃபயர்பாக்ஸ் 52-ஐத் திறந்தால் அதே பக்கம் வந்துவிடும். ஃபயர்பாக்ஸ் தனக்கு வேண்டிய மறையாக்க நிரலைத் தன்னோடே கொண்டுவருகிறது. இயங்குதளத்திடம் கடன் கேட்பதில்லை. பழைய கணினிக்கான உலாவிகளை ஒப்பிடும்போது எடையைவிட முதலில் பார்க்க வேண்டியது இதுவே.

இரண்டாவது, சான்றிதழ். ஒவ்வொரு தளமும் தான் இன்னார் என்று காட்ட ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. அச்சான்றிதழை வழங்கியவரை உலாவி நம்ப வேண்டும். நம்பத்தக்கவர்களின் பட்டியலை வேர்ச் சான்றிதழ்கள் என்பர். வேர்ச் சான்றிதழுக்கும் காலக்கெடு உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலவசச் சான்றிதழ் அமைப்பு சார்ந்திருந்த பழைய வேர்ச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, பட்டியல் புதுப்பிக்கப்படாத பழைய கணினிகளிலும் கைப்பேசிகளிலும் அதுவரை திறந்துகொண்டிருந்த பல தளங்கள் ஒரே நாளில் மூடிக்கொண்டன. அன்றைய குரோம் இயங்குதளத்தின் பட்டியலைப் பார்த்தது. ஃபயர்பாக்ஸ் தன் சொந்தப் பட்டியலைப் பார்த்தது. அதனால் ஒரே கணினியில் ஒன்று தடுத்த தளத்தை மற்றொன்று திறந்த நிலையும் ஏற்பட்டது.

சான்றிதழ்க் கோளாறுகளுள் மிக எளிதில் தீர்வதும் மிக அதிகமாகக் கவனிக்கப்படாததும் கணினியின் கடிகாரம் ஆகும். பழைய கணினியின் தாய்ப்பலகையில் சிமாஸ் பேட்டரி என்று கடைகளில் சொல்லப்படும் பொத்தான் பேட்டரி ஒன்று இருக்கும். பெரும்பாலும் சிஆர்2032 வகை. அது தீர்ந்துபோனால், கணினியை அணைக்கும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். 2005-ஆம் ஆண்டில் இருப்பதாக நம்பும் கணினிக்கு, இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்று. எனவே எந்த உலாவியைப் போட்டாலும் எல்லாத் தளங்களிலும் எச்சரிக்கையே வரும். நான்கைந்து உலாவிகளை மாற்றிப் பார்ப்பதற்கு முன் திரையின் வலது கீழ்மூலையில் தேதியைப் பார்த்துவிடுவது நல்லது. வாங்க வேண்டியது ஒரு பேட்டரி மட்டுமாக இருக்கலாம்.

மூன்றாவது, பக்கத்தின் எடை. இன்றைய சராசரி இணையப் பக்கம் 2 மெகாபைட்டுக்கு மேல் இருக்கிறது. அதில் படிக்கும் எழுத்து மிகச் சிறு பகுதிதான். மீதி படங்கள், எழுத்துருக்கள், விளம்பரங்கள், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள். இவற்றுள் ஜாவாஸ்கிரிப்ட்தான் பழைய கணினிக்கு மிகப் பெரிய சுமை. படம் வந்து அமர்ந்துவிட்டால் அதோடு முடிந்தது. நிரலை உலாவி படித்து, மொழிமாற்றி, ஓட்ட வேண்டும், பக்கம் திறந்திருக்கும்வரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவகம் நிரம்பியதும் இயங்குதளம் வன்தட்டில் இடம் தேடுகிறது. வன்தட்டு நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. கணினிப் பெட்டியின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருப்பதும் சுட்டி நகர மறுப்பதும் இந்நிலையில்தான்.

உலாவியின் பொறி

உலாவியின் பெயரும் சின்னமும் பலவாக இருந்தாலும், பக்கத்தை வரையும் பொறிகள் சிலவே. குரோம், எட்ஜ், இன்றைய ஓப்பரா ஆகியவற்றில் இருப்பது பிளிங்க். ஆப்பிளின் சஃபாரியில் இருப்பது வெப்கிட். ஃபயர்பாக்ஸில் இருப்பது கெக்கோ. கெக்கோவிலிருந்து பிரிந்த கிளை கோவானா. கெக்கோ என்பது பல்லி, கோவானா என்பது ஆஸ்திரேலிய உடும்பு, இப்பொறிகளைப் பயன்படுத்தும் கே-மெலியானின் சின்னம் பச்சோந்தி. உலாவி உருவாக்குவோருக்கு ஊர்வன மீது ஏதோ பிரியம் இருக்கிறது.

பிளிங்க் பொறியை எடுத்துப் புதிய முகப்பு ஒன்றைப் பொருத்திவிட்டு இலகு உலாவி என்று பெயரிட்டால், பொத்தான்கள் குறையலாம், பக்கத்தின் சுமை குறையாது. கேடிஇ குழுவின் பால்கன் நல்ல உலாவி. ஆனால் அதன் உள்ளே குரோமியம் சார்ந்த பொறி இருக்கிறது. இலகு உலாவிப் பட்டியல்களில் தவறாமல் இடம்பெறும் மிடோரி, வெப்கிட்டில் தொடங்கிப் பின்னர் பொறியையே மாற்றிக்கொண்டது. பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பாராட்டை நம்பி இன்றைய மிடோரியைப் பதிவிறக்குபவர் வேறொரு உலாவியையே பெறுகிறார். இத்தகைய பட்டியல்களைப் படிக்கும்போது அவை எழுதப்பட்ட ஆண்டைப் பார்க்க வேண்டும்.

எக்ஸ்பி கணினியில்

எக்ஸ்பிக்கு இன்று பேசத்தக்க உலாவிகள் மூன்று. மூன்றும் தனியார்வலர்களின் உழைப்பால் நிற்பவை.

கே-மெலியான் 2000-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. ஃபயர்பாக்ஸ் தன் பட்டிகளையும் பொத்தான்களையும் தானே வரைகிறது. கே-மெலியானோ அவற்றை விண்டோஸிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறது. அதனால் திறக்கும் வேகமும் நினைவகச் சிக்கனமும் கிடைக்கின்றன. 512 எம்பி நினைவகம் உள்ள கணினியிலும் எழுத்து மிகுந்த பக்கங்களை அது சிரமமின்றிக் காட்டும். அதன் பழைய அதிகாரபூர்வப் பதிப்புகள் இன்றைய தளங்களுக்குப் போதாமல் போனபின், கோவானா பொறியோடு ஆர்வலர்கள் தொகுத்த பதிப்புகளே அதை உயிரோடு வைத்திருக்கின்றன. முகப்பு பழைய காலத்தது; எக்ஸ்பி பழகியவருக்கு அது குறையாகத் தெரியாது.

மைபால், ஃபயர்பாக்ஸின் வழிவந்தது. அதன் 68 வரிசை, ஃபயர்பாக்ஸ் 68-ஐ அடிப்படையாகக் கொண்டு எக்ஸ்பியில் ஓடும்படி மாற்றப்பட்டது. 52-இல் நின்றுபோன அதிகாரபூர்வ ஃபயர்பாக்ஸைவிட இது அதிகத் தளங்களைச் சரியாகக் காட்டுகிறது. 1 ஜிபி நினைவகமாவது இருந்தால்தான் வசதி.

சூப்பர்மியம் இவற்றிலிருந்து வேறுபட்டது. குரோமியத்தின் அண்மைக்கால மூலநிரலை எடுத்து, கைவிடப்பட்ட விண்டோஸ் பதிப்புகளில், எக்ஸ்பி உட்பட, இயங்கும்படி செய்யும் முயற்சி இது. மற்ற இரண்டும் திறக்காத தளத்தை இது திறக்கும். ஆனால் இதை இலகு உலாவி என்று சொல்வது பொருந்தாது. குரோமின் முழு எடையும் இதில் உண்டு. 2 ஜிபி நினைவகமும் இரட்டைக் கரு பிராசசரும் உள்ள எக்ஸ்பி கணினிக்கு இது ஒரு வழி; 512 எம்பி கணினியில் இதை நிறுவுவது வண்டிமாட்டுக்கு லாரிப் பாரம் ஏற்றுவது.

எக்ஸ்பிக்கும் முந்திய விண்டோஸ் 98 போன்றவற்றுக்கும் ரெட்ரோசில்லா போன்ற முயற்சிகள் உள்ளன. அவை பழங்கணினி ஆர்வலர்களுக்கு உரியவை. அன்றாட வேலைக்கு அல்ல.

விண்டோஸ் 7 கணினியில்

இங்கே நிலைமை மேலானது. ஃபயர்பாக்ஸ் 115 நீட்டித்த ஆதரவுப் பதிப்பே முதல் தெரிவாக இருக்க வேண்டும். மொசில்லா இதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2024 செப்டம்பரில் நிறுத்துவதாக முதலில் அறிவித்து, பயன்படுத்துவோர் இன்னும் பலர் இருந்ததால் கெடுவைப் பலமுறை தள்ளிவைத்தது. இது இலகு உலாவி அல்ல. ஆனால் 2 ஜிபி நினைவகத்தில் நான்கைந்து டேப்களோடு பயன்படுத்தத்தக்கது. யூபிளாக் ஆரிஜின் என்னும் விளம்பரத் தடுப்பு நீட்சியை இதில் சேர்த்தால் கிடைக்கும் வேக மாற்றம், பெரும்பாலான "இலகு உலாவி" மாற்றங்களால் கிடைப்பதைவிட அதிகம். காரணம் எளிது: வராத விளம்பர நிரலை ஓட்ட வேண்டியதில்லை. செய்தித்தாள் தளங்களில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

பேல்மூன் 2009-இல் ஃபயர்பாக்ஸிலிருந்து பிரிந்தது. கோவானா பொறியைக் கொண்டது. பழைய ஃபயர்பாக்ஸின் முகப்பையும் பழைய வகை நீட்சிகளையும் காப்பாற்றி வருகிறது. புதுப்பிப்புகள் தொடர்ந்து வருகின்றன. எழுத்து மிகுந்த தளங்களில் சுறுசுறுப்பானது. ஆயினும் குரோமை மட்டுமே மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட தளங்களில் தடுமாறும். காணொளி, நேரடி வகுப்பு போன்றவற்றுக்கு இதை நம்பியிருக்க முடியாது.

குரோம் 109 இன்னும் பல விண்டோஸ் 7 கணினிகளில் இருக்கிறது. அது பக்கங்களைத் திறக்கிறது என்பதாலேயே பலர் அதை மாற்றுவதில்லை. அதற்குப் பின் குரோமில் கண்டறியப்பட்ட ஓட்டைகள் எதுவும் அதில் அடைக்கப்படவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

உண்மையிலேயே சிறியவை

டில்லோ 1999-இல் தொடங்கியது. சிலி நாட்டைச் சேர்ந்த ஹோர்ஹே அரெயானோ சிட் இதன் முதன்மை ஆக்குநர். இதில் ஜாவாஸ்கிரிப்ட் கிடையவே கிடையாது. விட்டுப்போனது அல்ல, வேண்டாம் என்று முடிவெடுத்தது. நிறுவல் கோப்பு மிகச் சிறியது. அழுத்திய கணத்தில் சன்னல் திறக்கும். 2015-இல் வந்த 3.0.5 பதிப்புக்குப் பின் நெடுங்காலம் உறங்கி, 2024 மே மாதம் புதிய ஆர்வலர்களின் கையில் 3.1.0 பதிப்பாக எழுந்தது. இது முதன்மையாக லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வழி இயங்குதளங்களுக்கானது.

நெட்சர்ஃப் 2002-இல் ரிஸ்க் ஓஎஸ் என்னும் பிரித்தானிய இயங்குதளத்துக்காகத் தொடங்கப்பட்டது. யாருடைய பொறியையும் எடுக்காமல் தன் பொறியைத் தானே எழுதிக்கொண்ட உலாவிகளில் இதுவும் ஒன்று. ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவுக்கு மட்டும் உண்டு. பக்க அமைப்பை டில்லோவைவிட அழகாகக் காட்டும்.

லிங்க்ஸ் இன்னும் மூத்தது. 1992-இல் அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்து இன்றும் பராமரிக்கப்படுகிறது. படம் இல்லை, வண்ணப் பின்னணி இல்லை, எழுத்து மட்டும். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் திரைவாசிப்பான் மூலம் இதைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

இவற்றால் என்ன பயன் என்று கேட்கலாம். படிக்கலாம். விக்கிப்பீடியாக் கட்டுரைகளைப் படிக்க ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லை. 1998 முதல் இயங்கிவரும் மதுரைத் திட்டத்தின் இலக்கிய மின்பதிப்புகள் எளிய பக்கங்களாகவே உள்ளன. இணையத்தில் படிக்க வேண்டியவற்றுள் கணிசமானவை இன்னும் வெறும் எழுத்துதான்.

தமிழ் எழுத்துச் சிக்கல்

ஆங்கிலக் கட்டுரைகள் சிறிய உலாவிகளைப் புகழும்போது ஒன்றைச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது தேவைப்படுவதும் இல்லை. தமிழை ஒருங்குறியில் சேமிக்கும்போது, உயிர்மெய்யின் மெய்ப்பகுதி முன்னும் உயிர்க்குறி பின்னும் வருகின்றன. "கெ" என்பதில் ககரம் முதலில் சேமிக்கப்படும், கொம்பு அடுத்துச் சேமிக்கப்படும். ஆனால் திரையில் கொம்பு இடப்பக்கம் வந்து நிற்க வேண்டும். "கொ" என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஒரு நிரற்பகுதி தேவை. குரோமும் ஃபயர்பாக்ஸும் ஹார்ஃப்பஸ் என்னும் திறமூல நிரலைத் தம்முள் வைத்திருக்கின்றன. எடையைக் குறைக்க விரும்பும் சிறிய உலாவிகள் விட்டுவிடுபவற்றுள் இதுவும் ஒன்று.

டில்லோவில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் எழுத்துகள் வரும். கொம்புகள் இடம் மாறி நிற்கும். ஓரிரு வரிகளைத் தட்டுத் தடுமாறிப் படிக்கலாம், ஒரு பாடத்தைப் படிக்க முடியாது. லினக்ஸில் ஜிடிகே முகப்போடு வரும் நெட்சர்ஃப், எழுத்து அமைப்பைப் பாங்கோ என்னும் பொது நிரலிடம் ஒப்படைப்பதால் தமிழைச் சரியாகக் காட்டுகிறது. ஆகவே தமிழ் வாசகருக்கு, மிகச் சிறியவற்றுள் நெட்சர்ஃப்பே பொருத்தமானது. லிங்க்ஸில் தமிழின் தோற்றம் அது ஓடும் முனையச் சன்னலைப் பொறுத்தது. பெரும்பாலான முனையங்களில் அது நன்றாக இருப்பதில்லை.

எக்ஸ்பியில் லதா எழுத்துரு உண்டு. ஆனால் இந்திய மொழிகளுக்கான ஆதரவு இயல்பாக நிறுவப்பட்டிருக்காது. கண்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்வேஜ் ஆப்ஷன்ஸ் பகுதியில் மொழிகள் என்ற பிரிவில், சிக்கல் எழுத்துமுறைகளுக்கான கட்டத்தைத் தேர்ந்தெடுத்து நிறுவ வேண்டும். அப்போது எக்ஸ்பியின் குறுவட்டைக் கேட்கலாம். கட்டங்கட்டமாகத் தெரியும் தமிழுக்குப் பல வேளைகளில் உலாவி காரணம் அல்ல, இந்தக் கட்டமே காரணம். விண்டோஸ் 7-இல் இத்தொல்லை இல்லை.

இலகுவுக்குக் கொடுக்கும் விலை

குரோம் ஏன் இவ்வளவு நினைவகம் கேட்கிறது என்பதற்கு அலட்சியம் மட்டும் காரணம் அல்ல. ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயல்முறையில், பூட்டிய தனியறையில் வைப்பதுபோல, அது வைக்கிறது. ஓர் அறையில் தீயநிரல் புகுந்தாலும் அடுத்த அறையில் திறந்திருக்கும் வங்கிப் பக்கத்தைத் தொடக் கூடாது என்பதே நோக்கம். பிராசசர்களின் அமைப்பிலேயே இருந்த ஸ்பெக்டர் என்னும் குறை 2018 ஜனவரியில் வெளியானபின், அவ்வாண்டு குரோம் 67-இல் இந்தப் பிரிப்பு மேசைக்கணினிகளுக்கு விரிவாக்கப்பட்டது. அதற்காக 10 முதல் 13 விழுக்காடு கூடுதல் நினைவகம் செலவாகும் என்று கூகுள் வெளிப்படையாகவே அறிவித்தது. ஒவ்வோர் அறைக்கும் சுவர் எழுப்ப இடம் வேண்டும் அல்லவா?

பேல்மூனும் கே-மெலியானும் எல்லாப் பக்கங்களையும் ஒரே செயல்முறையில் வைக்கின்றன. சுவர்கள் இல்லாத ஒரே கூடம். நினைவகம் மிச்சமாவது இதனால்தான். ஒரு பக்கம் சிக்கிக்கொண்டால் உலாவி முழுவதும் நின்றுபோவதும் இதனால்தான். டில்லோ இன்னொரு வகையில் பாதுகாப்பானது: ஜாவாஸ்கிரிப்ட் ஓடாத இடத்தில் ஜாவாஸ்கிரிப்ட் வழித் தாக்குதலுக்கும் இடம் இல்லை. ஆனால் வங்கித் தளங்களுக்கு அது உதவாது.

உலாவி எவ்வளவு புதியதாக இருந்தாலும் அடியில் இருக்கும் இயங்குதளத்தின் ஓட்டைகளை அதனால் அடைக்க முடியாது. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்னும் பணயநிரல், உலாவி வழியாகப் பரவவே இல்லை. விண்டோஸின் கோப்புப் பகிர்வு வசதியில் இருந்த ஓட்டை வழியாகக் கணினி விட்டுக் கணினி தாவியது. மூன்றாண்டுகளுக்கு முன்பே ஆதரவை நிறுத்தியிருந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு திருத்தத்தை வெளியிட வேண்டியதாயிற்று. எனவே எக்ஸ்பி கணினியில், உலாவி எதுவாயினும், வங்கிக் கணக்கு, மின்னஞ்சலின் முதன்மைக் கடவுச்சொல், தேர்வு விண்ணப்பக் கட்டணம் ஆகியவற்றை வைத்துக்கொள்ளக் கூடாது. படிக்கும் கணினி வேறு, பணம் செலுத்தும் கருவி வேறு என்று பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. இவ்வேலைகளுக்குப் புதுப்பிப்புகள் வரும் ஒரு கைப்பேசி, எக்ஸ்பி கணினியைவிட நம்பகமானது.

இயங்குதளத்தையே மாற்றுதல்

உலாவிகளை ஒப்பிட்டுப் பார்ப்பவர் பலரும் இறுதியில் வந்து நிற்கும் இடம் இது. பழைய கணினியில் புதிய லினக்ஸை நிறுவினால், மறையாக்கம், வேர்ச் சான்றிதழ், பாதுகாப்புத் திருத்தம் ஆகிய மூன்றும் ஒன்றாகத் தீர்ந்துவிடுகின்றன. ஆன்டிஎக்ஸ், பப்பி லினக்ஸ் ஆகியவை பழைய கணினிகளையே மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. பப்பியை வன்தட்டில் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டே வந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் நீக்கிவிட்டனர்.

நிறுவுவதற்கு முன் பிராசசர் 32 பிட்டா 64 பிட்டா என்று பார்க்க வேண்டும். 32 பிட் லினக்ஸின் நாள்கள் எண்ணப்பட்டு வருகின்றன: குரோம் அதை 2016-லேயே கைவிட்டது, ஃபயர்பாக்ஸ் 2025-இல் 144-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது, அதே ஆண்டு வெளிவந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை. ஆனால் இதில் ஓர் ஆறுதல் உண்டு. 2006 முதல் வந்த இன்டெல் கோர் 2 டியோ பிராசசர்கள் எல்லாமே 64 பிட் திறன் உள்ளவை. அக்காலத்தில் விற்பனையாளர்கள் அவற்றில் 32 பிட் விண்டோஸையே நிறுவிக் கொடுத்ததால், உரிமையாளர் பலருக்குத் தம் கணினியின் திறன் தெரியாது. அத்தகைய கணினியில் 64 பிட் லினக்ஸும் இன்றைய ஃபயர்பாக்ஸும் இயங்கும். ஆட்டம் என்270 காலத்துச் சிறு மடிக்கணினிகளை வாங்கியவர்களுக்கு மட்டும் இந்த வாய்ப்பு எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. என்270 முழுக்க 32 பிட் பிராசசர்.

தாமே ஒப்பிட்டுப் பார்த்தல்

இணையத்தில் காணும் ஒப்பீட்டு அட்டவணைகள் வேறொருவர் கணினியில் அளக்கப்பட்டவை. சொந்தக் கணினியில் அளப்பது கடினம் அல்ல. கணினியை மறுதொடக்கம் செய்து, ஒரே ஓர் உலாவியைத் திறந்து, எப்போதும் தேவைப்படும் மூன்று பக்கங்களை, சொல்லப்போனால் ஒரு விக்கிப்பீடியாக் கட்டுரை, ஒரு நாளிதழ், ஓர் அரசுத் தளம் ஆகியவற்றை, திறக்க வேண்டும். இரண்டு நிமிடம் காத்திருந்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். குரோம் வகை உலாவியின் பெயர் அதில் பல வரிகளில் இருக்கும். எல்லா வரிகளையும் கூட்ட வேண்டும், முதல் வரியை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. பின் மறுதொடக்கம் செய்து அடுத்த உலாவியில் அதே மூன்று பக்கங்களையும் திறந்து பார்க்க வேண்டும்.

இரண்டு உலாவிகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லாமல், விளக்கு மட்டும் விடாமல் எரிந்தால், குறை உலாவியில் இல்லை, நினைவகத்தில். டிடிஆர்2, டிடிஆர்3 நினைவகப் பலகைகள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழையதாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. தாய்ப்பலகை எவ்வளவு ஏற்கும் என்று பார்த்து வாங்க வேண்டும்; 32 பிட் எக்ஸ்பியில் 4 ஜிபி போட்டாலும் அதில் ஒரு பகுதி பயன்படாமலே கிடக்கும்.